முன்னோட்டமும் முதற் பார்வையாளரும்

திரைப்படம் ஒன்று வெளிவருமுன்னர், அதன் சில பகுதிகளைத் துண்டு துண்டாக இணைத்து, இரண்டொரு நிமிடங்களுக்குள் காட்டி, மக்களின் ஆவலைத் தூண்டுகின்ற சிறு படத்தை நாம் முன்னோட்டம் என்கின்றோம். ஆங்கிலத்தில் அதற்கு ‘ட்ரெயிலர்’ என்று பெயர். பின்னால் இழுபட்டு வருவது என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். முன்னால் காட்டப்படும் ஒன்றுக்குப் பின்னால் வருவது என்ற பெயர் எவ்வாறு வாய்த்தது என்று நேயர்கள் வியக்கலாம். தொடக்க காலத்தில் அது உண்மையாகவே பின்னால்தான் வந்தது. 1913ஆம் ஆண்டில் அமெரிக்காவில், மார்க்கஸ் லோ என்பவருடைய திரையரங்குகளுக்கு விளம்பர அதிகாரியாக விளங்கிய நில்ஸ் கிரான்லண்ட், நியூ யோர்க்கில் மேடையேறவிருந்த ஓர் இசை நாடகத்தின் ஒத்திகையைப் படமாக்கித் திரையரங்கில் விளம்பரமாகக் காட்டினார். முன்னோட்டத்தின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவது வழக்கம். அக்காலத்து விளம்பரத் துண்டுகள் படம் முடிந்த பின்னர் ஓடின. படம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவதுதானே மனித இயல்பு? வெறும் நாற்காலிகளுக்கு விளம்பரம் செய்வதிற் பயனில்லை என்று கண்ட பின்னர் அது முன்னால் வந்து சேர்ந்தது. பெயர் மாத்திரம் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது பெரிய நிறுவனங்களின் முன்னோட்டங்களைப் பற்றியன்று. பள்ளி மாணவர் ஆக்கும் முன்னோட்டத்தைப் பற்றியும், அதனைச் சகபாடிகளின் அபிப்பிராயத்தைக் கொண்டு திருத்தும் முறையைப் பற்றியுமே சில கருத்துக்களைக் கூற விரும்புகின்றேன்.

நமது நாட்டு உயர்தர வகுப்புக்கு மூலமாக அமைந்த இங்கிலாந்தின் உயர்தர வகுப்பிலே ஊடகக் கற்கை என்றொரு பாடம் உண்டு. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், ஆர்.எஸ்.ஏ. என்னும் பெயர்களைத் தாங்கிய பரீட்சைச் சபை 2008ஆம் ஆண்டில் அப்பாடத்துக்கு ஒரு திட்டத்தைத் தொடக்கியது. அதில் மாணவர் தெரிந்துகொள்ளக்கூடிய செய்முறைப் பணிகளுள் ஒன்று, புதிய திரைப்படம் ஒன்றுக்கான முன்னோட்டத்தையும், அதனோடு செல்லும் சுவரொட்டி, திரைப்படச் சஞ்சிகையின் அட்டை முதலியவற்றையும் தாமே ஆக்குவது. ஆக்கி முடித்தபின் நான்கு வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். அவற்றுள் ஒன்று, பார்வையாளரின் அபிப்பிராயத்திலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது யாது என்பது. 2017ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது. ஆயினும் அந்த வினா பழையதாகிவிடவில்லை.

இப்பணியில் ஒரு விசித்திரம் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஹொலிவுட்டிலே முன்னோட்டம் தொகுப்பவரின் முன்னால் இரண்டு மணி நேரப் படம் ஒன்று கிடக்கின்றது. அதிலிருந்து அவர் பொறுக்கி எடுக்கின்றார். மாணவருக்கோ அப்படி ஒரு படமே இல்லை. இல்லாத படத்துக்கு முன்னோட்டம்! முழுப்படமும் அம்மாணவரின் மனத்தில் மாத்திரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதனால் அவர் தமது முன்னோட்டத்தைப் பார்க்கும்போது திரையிலுள்ளதை மட்டும் பார்ப்பதில்லை. திரையில் இல்லாததையும் சேர்த்தே பார்க்கின்றார். விட்டுப்போன இடங்களை மனம் தானாகவே நிரப்பிவிடுகின்றது. முதன்முறை பார்க்கும் சகபாடிக்கு அந்த வசதி இல்லை. அவர் காண்பதெல்லாம் திரையிலுள்ள ஒளியும் ஒலியுந்தான். அவருடைய அறியாமை இங்கே பெருஞ் செல்வம் ஆகின்றது.

கைதேர்ந்த படத்தொகுப்பாளரும் இந்த அறியாமையைப் பேணிக் காக்க முயல்வதுண்டு. ‘அப்போகலிப்ஸ் நவ்’, ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ ஆகிய படங்களிற் பணியாற்றிய வோல்ட்டர் மேர்ச், படத்தொகுப்பாளர் இயன்றவரை படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்குப் போகாதிருத்தல் நன்று என்று கருதுபவர். ஒரு காட்சியை எடுக்க எத்துணை பாடுபட்டார்கள், அன்று எப்படி மழை பெய்தது, நடிகருக்கு எவ்வளவு காய்ச்சல் என்பனவெல்லாம் அறிந்துவிட்டால், அக்காட்சியின் மேல் நமக்கொரு பற்று உண்டாகிவிடும். பார்வையாளருக்கோ மழையும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது. ஆனால் மாணவர் தாமே எழுதி, தாமே படம் பிடித்து, தாமே தொகுக்கின்றார். மேர்ச் கூறும் தூரத்தை அவர் எங்கே தேடுவது? வகுப்பிலுள்ள மற்றவர்களிடமிருந்து கடனாகப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை.

கடன் வாங்குவதிலும் ஒரு முறை உண்டல்லவா? படத்தைப் போட்டுக் காட்டிவிட்டு, “எப்படி இருக்கின்றது?” என்று கேட்டால், “நன்றாக இருக்கின்றது” என்ற விடைதான் வரும். நண்பர்கள் நல்லவர்கள். அடுத்த வாரம் அவர்களுடைய படத்தை நாம் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் அவர்கள் மறப்பதில்லை. என் எண்ணத்தில், மாணவர் படைப்புக்குக் கடுஞ்சொல் செய்யும் தீங்கைக் காட்டிலும் இத்தகைய பாராட்டுச் செய்யும் தீங்கு பெரிது. கடுஞ்சொல் சினத்தையாவது மூட்டும். வெறும் பாராட்டு ஒன்றையும் மூட்டாது.

அமெரிக்க நடனக் கலைஞரான லிஸ் லேர்மன் 1990ஆம் ஆண்டளவில் இதற்கென ஓர் ஒழுங்கை வகுத்தார். முடிவுறாத படைப்பொன்றைப் பார்த்தவர்கள், முதலில், அதிலே தமக்குப் பொருளுள்ளதாகவும் மனத்தைத் தொட்டதாகவும் பட்டதைக் கூற வேண்டும். அடுத்துப் படைத்தவர் தமது ஐயங்களைக் கேட்கின்றார். மூன்றாவதாகப் பார்த்தவர்கள் வினாக் கேட்கலாம். ஆனால் அவ்வினாவுக்குள் தீர்ப்பு ஒளிந்திருத்தல் ஆகாது. “அந்த இடம் ஏன் இவ்வளவு நீளம்?” என்பது வினாவன்று, குற்றச்சாட்டு. “அந்த இடத்தில் பார்ப்பவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்று எண்ணினீர்கள்?” என்பதே வினா. இறுதியில்தான் அபிப்பிராயம், அதுவும் படைத்தவரின் இசைவைப் பெற்ற பின்னர். நடனத்துக்கு வகுக்கப்பட்டதாயினும் திரைப்பட வகுப்புக்கும் இது நன்கு பொருந்துகின்றது. முன்னோட்டத்துக்கென்று நான் இதனோடு ஒன்றைச் சேர்ப்பேன். பார்ப்பவர் ஒவ்வொருவரின் கையிலும் ஒரு தாளைக் கொடுத்து, மனம் விலகிய இடத்தையும் விளங்காத இடத்தையும் நிமிடம், விநாடிக் கணக்கோடு குறிக்கச் செய்தல் வேண்டும். ஒருவரோடொருவர் பேசுமுன் எழுதிவிட வேண்டும். பேசத் தொடங்கிவிட்டால், குரல் உயர்ந்தவரின் கருத்தே எல்லாருடைய கருத்தும் ஆகிவிடும்.

இனி ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை உதாரணந்தான், ஆயினும் இத்தகைய வகுப்புகளில் நிகழ்வதற்குப் புறம்பானது எதுவும் இதில் இல்லை. படத்தைக் காட்ட இயலாத வானொலியிலே சொல்லினாற் காட்ட முயல்கின்றேன்.

இங்கிலாந்தின் தென்கரையிலே ஒரு சிறு பட்டினம். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு மர்மக் கதையை மனத்திற் கொண்டு முன்னோட்டம் ஆக்குகின்றாள். அக்காள், தங்கை இருவர். அக்காள் ஓராண்டுக்கு முன்னர் கடலில் மூழ்கி இறந்துவிட்டாள். இப்போது தங்கைக்குக் கடிதங்கள் வருகின்றன. அவை அக்காளின் கையெழுத்தில் உள்ளன! இதுவே கதை. முன்னோட்டம் 2 நிமிடம் 40 விநாடி ஓடுகின்றது. முதலில் கடலில் இடுப்பளவு நீரிலே அக்காள் நிற்கும் காட்சி, 9 விநாடி. அதன்பின் இரு சகோதரிகளும் கரையிலே சிரித்து விளையாடுகின்றனர். 32ஆவது விநாடியில் தங்கை கரையில் நின்றபடி, இது இறந்துபோன அக்காளின் கையெழுத்து என்று ஒரு வாக்கியம் சொல்கின்றாள். பிறகு நூலகம், அங்கே ஓர் ஆடவர் நிமிர்ந்து பார்க்கின்றார். 1 நிமிடம் 10 விநாடியளவில் இருட்டில் டோர்ச் வெளிச்சத்தோடு தேடும் காட்சி தொடங்குகின்றது. அதன்பின் விரைவான வெட்டுகள், அலறல், கடிதங்களை எழுதியவர் அகப்படுதல், கடைசியிற் படத்தின் பெயர்.

பன்னிரண்டு சகபாடிகள் பார்த்து எழுதித் தருகின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐவர், 1 நிமிடம் 10 விநாடிக்கு நேரே “மெதுவாகப் போகின்றது, டோர்ச் காட்சியைக் குறைக்கவும்” என்று எழுதியுள்ளனர். நால்வர், “இறந்தது யார்? இருவரும் உயிரோடுதானே இருக்கின்றார்கள்?” என்கின்றனர். ஒருவர் 32ஆவது விநாடிக்கு நேரே “பேச்சுக் கேட்கவில்லை, காற்று” என்று மூன்றே சொற்களில் முடித்துவிட்டார். இருவருக்கு இசை பிடித்திருந்தது. ஒருவர், “நூலகத்தில் இருந்த ஆள்தான் குற்றவாளி, பார்த்தவுடன் தெரிந்துவிட்டது” என்று பெருமையோடு எழுதியிருக்கின்றார்.

அனுபவமற்ற மாணவி இங்கே என்ன செய்வாள்? பெரும்பான்மையின் வாக்கை ஏற்று, டோர்ச் காட்சியை வெட்டத் தொடங்குவாள். 30 விநாடியை 15 ஆக்குவாள். மறுபடியும் காட்டுவாள். மறுபடியும் “மெதுவாக இருக்கின்றது” என்பார்கள். இன்னும் வெட்டுவாள். முடிவில் அங்கே ஒன்றும் மிஞ்சாது. மந்தம் மாத்திரம் மிஞ்சும்.

முன்னர் கூறிய மேர்ச் 1988ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே ஆற்றிய விரிவுரை ஒன்று பின்னர் ‘இன் த பிளிங்க் ஒப் அன் ஐ’ என்ற நூலாக வளர்ந்தது. அதில் இதனை மருத்துவ உவமை ஒன்றினால் அவர் விளக்குகின்றார். முழங்கையில் நோவு என்று வருபவருக்கு உடனே முழங்கையில் கத்தியை வைப்பவர் போலி வைத்தியர். தேர்ந்த வைத்தியர் தோளைச் சோதிப்பார். நரம்பு அழுத்தப்பட்டிருப்பது தோளிலே, வலி தோன்றுவது முழங்கையிலே. பார்வையாளர் “இங்கே வலிக்கின்றது” என்று சொல்வது பொய்யன்று. வலிக்கும் இடம் நோயின் இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் செய்தி.

நம் உதாரணத்தில் தோள் எங்கே இருக்கின்றது? மூன்றே சொல் எழுதிய அந்த ஒருவரின் தாளில் இருக்கின்றது. கடற்காற்று ஒலிவாங்கியில் அறைந்ததால் 32ஆவது விநாடியிலுள்ள வாக்கியம் எவருக்கும் கேட்கவில்லை. கேட்காததால் அக்காள் இறந்தாள் என்பது எவருக்கும் தெரியவில்லை. அது தெரியாததால் ஒரு பெண் டோர்ச்சுடன் இருட்டில் எதையோ தேடுவது பதைபதைப்பை உண்டாக்கவில்லை. தேடுவது யாது என்று தெரியாதபோது தேடல் நீளமாகத்தானே தோன்றும்? மாணவிக்கு மட்டும் அந்த வாக்கியம் தெளிவாகக் கேட்டது; ஏனெனில் அதனை எழுதியவள் அவள். செவியினாற் கேட்டதாக எண்ணிக்கொண்டு, நினைவினாற் கேட்டிருக்கின்றாள். ஒன்பது பேரின் முறைப்பாட்டுக்கு மூலம் ஒருவர் குறித்த காற்று! அபிப்பிராயங்களை எண்ணிப் பார்ப்பது ஒருபுறம் இருக்க, அவற்றை நேர வரிசையிலே அடுக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேதான். பின்னால் தோன்றும் குறையின் வேர் முன்னால் இருப்பது பெருவழக்கு.

இதற்கான பரிகாரம் சிக்கலானதன்று. அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிவு செய்தல் வேண்டும். அதற்கு ஒலிப்பதிவுக் கூடம் தேவையில்லை. துணிகள் நிறைந்த உடுப்பு அலுமாரியைத் திறந்துவைத்து, அதற்குள் முகத்தைக் கொடுத்துக் கைத்தொலைபேசியிற் பேசினாலே போதும். துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். பின்னர் அந்தக் குரல் ஒலிக்கும் நான்கு விநாடிக்கு இசையைத் தாழ்த்த வேண்டும். குரலை உயர்த்துவதைவிட இசையைத் தாழ்த்துவதே சிறந்தது. அலைகளின் ஓசையை மெல்லியதாக அடியில் ஓடவிட்டால், குரல் அறைக்குள் பதிவானது என்ற ஐயம் எழாது. பேசும் வாய் திரையில் தெரிந்தால் புதிய குரல் உதட்டசைவோடு பொருந்தாமற் போகலாம். ஆகவே அந்த வேளையில் முகத்தைக் காட்டாது, கையிலுள்ள கடிதத்தைக் காட்டலாம். சொல்லப்போனால் இது முன்னையதிலும் மேலானது. குரல் ‘இறந்தவளின் கையெழுத்து’ என்று கூறும்போது கண் அக்கையெழுத்தின் மீதே நிற்கின்றது. இவ்வளவும் செய்தபின், டோர்ச் காட்சியிலே ஒரு சட்டத்தைக்கூட வெட்டாமலே அதன் மந்தம் பெரும்பாலும் நீங்கிவிடும். பிரித்தானிய ஒளிபரப்பு முறையில் விநாடிக்கு 25 சட்டங்கள். முன்னோட்டத்தின் வேகமான பகுதியில் 10 சட்டம் நீளமுள்ள துண்டுகள்கூட வருவதுண்டு. ஆனால் துண்டு குறுகுவதால் மாத்திரம் வேகம் பிறப்பதில்லை. அடுத்து என்ன என்ற கேள்வி பார்ப்பவர் மனத்தில் இருந்தாற்றான் வேகம் பிறக்கும்.

இறந்தது யார் என்று கேட்ட நால்வருள் ஒருவர், பழைய நாட்களைக் காட்டும் கரைக் காட்சியைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொல்லியிருந்தார் என்க. நோயைச் சரியாகக் கண்டவர். மருந்து மட்டும் அவருடையது. அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. முதலில் கடிதம் வருவதைக் காட்டி, அதன் பின்னர் சகோதரிகளின் சிரிப்பைக் காட்டினால், நிறம் மாற்றாமலே அது கடந்த காலம் என்பது விளங்கும். பார்வையாளர் தம் உணர்ச்சியைச் சொல்வதில் அநேகமாகப் பிழை விடுவதில்லை. பரிகாரம் சொல்லும்போது பிழை விடலாம். பரிகாரம் சொல்வது அவருடைய வேலையன்று, படத்தொகுப்பாளருடைய வேலை.

நூலகத்து மனிதரைக் குற்றவாளியாக்கிய சகபாடியை மாணவி எளிதிலே தள்ளிவிடக்கூடும். அந்த மனிதர் உண்மையில் ஒரு பாவமும் அறியாத நூலகர்; புத்தகத்தை மூடி நிமிர்ந்து பார்க்கின்றார், அவ்வளவே. ஆனால் அவர் முகத்துக்கு முன்னர் ஓடிய துண்டு, கடிதத்தின் மீதிருந்த கையெழுத்து. கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்த முகம் கடிதம் எழுதியவரின் முகமாகத் தெரிகின்றது. ரஷ்யாவிலே லெவ் குலெஷோவ் ஆராய்ந்த உண்மை இதுவே. 1919இல் நிறுவப்பட்ட மொஸ்கோ திரைப்படப் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், ஒரு நடிகரின் ஒரே முகத்தை, ஒருமுறை உணவுக் கோப்பைக்கும், ஒருமுறை சவப்பெட்டிக்கும் அருகிலே வைத்துக் காட்டினார் என்றும், பார்த்தவர்கள் பசியையும் துயரத்தையும் அம்முகத்திலே கண்டார்கள் என்றும் கூறுவர். சுருள் கிடைப்பதற்கு அரிதான காலம் அது. அப்பள்ளியில், ஏற்கெனவே எடுக்கப்பட்ட படங்களை வெட்டி ஒட்டியே பெரும்பாலும் கற்றனர். நம் மாணவிக்கு இதனாற் கிடைத்தது ஒரு பரிசு. கேளாமலே ஒரு பொய்க் குற்றவாளி வாய்த்துவிட்டார். உண்மைக் குற்றவாளியை மறைக்க இவரைவிடச் சிறந்த திரை வேறென்ன? நூலகரின் துண்டை இரண்டு இடத்தில் வைத்தாற் போதும்.

ஏன் மறைக்க வேண்டும் என்றால், முதற் பிரதியிலே கடிதம் எழுதியவர் அகப்படுவதையே மாணவி காட்டிவிட்டாள் அல்லவா? முன்னோட்டத்தில் முடிவைச் சொல்லக் கூடாது என்பது எவருக்கும் தெரிந்த விதி. தெரிந்திருந்தும் மாணவர் இதனை மீறுவதற்கு ஒரு காரணம் உண்டு. முழுப்படம் என்று ஒன்று இல்லாதபடியால், கதையின் முடிவைச் சொல்வதற்கு அவர்களுக்கு வேறு இடமே இல்லை. மனத்திலுள்ள படத்தை எங்கேயாவது ஒருமுறை முழுவதுமாகச் சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பு! அத்தவிப்பு எனக்கு அநுதாபத்தையே உண்டாக்குகின்றது. ஆயினும் அந்தத் துண்டு போகத்தான் வேண்டும். அல்பிரட் ஹிச்கொக் 1960ஆம் ஆண்டிலே ‘சைக்கோ’ படத்துக்கு ஆக்கிய முன்னோட்டம் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அதில் அவரே வந்து, கதை நிகழும் விடுதியையும் வீட்டையும் சுற்றுலா வழிகாட்டியைப் போலக் காட்டிச் செல்கின்றார். கதை நிகழ்ச்சி எதனையும் நேராகக் காட்டுவதில்லை. கடைசியிலே குளியலறைத் திரையை இழுக்க, ஒரு பெண் அலறுகின்றாள். படத்தில் அவ்விடத்தில் இருப்பவர் ஜனெட் லீ. முன்னோட்டத்தில் அலறுபவரோ வேரா மைல்ஸ். ஆளையே மாற்றிவிட்டார்!

சகபாடிகளின் விமர்சனம் எப்பொழுதும் இன்சொல்லாக வரும் என்று எதிர்பார்க்க இயலாது. 1977ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜோர்ஜ் லூக்கஸ் தமது ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தின் முடிவுறாத பிரதியைத் தம் இயக்குநர் நண்பர்கள் சிலருக்குக் காட்டினார். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்குக்கு அது பிடித்திருந்தது. பிரையன் டி பல்மாவோ அதனைக் கேலி செய்தார். தொடக்கத்தில் திரையிலே ஊர்ந்து செல்லும் எழுத்துக்கள் விளங்கவில்லை என்றும் கண்டித்தார். ஆனால் அதே டி பல்மா, ஜே கொக்ஸ் என்ற எழுத்தாளரோடு அமர்ந்து அவ்வெழுத்துக்களைத் திருத்தி எழுதவும் உதவினார். அப்படம் அந்த ஆண்டு மே மாதத்திலே வெளிவந்தபோது மக்கள் படித்தது திருத்திய வாசகத்தையே. கேலியைக் கேலியென்று தள்ளியிருந்தால் அந்தப் பயன் கிட்டியிராது. எழுத்துப் பலகைகளைச் சோதிக்கும் முறை ஒன்றையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகின்றேன். திரையிலே எழுத்து நிற்கும் நேரத்துக்குள் அதனை வாய்விட்டு இரண்டுமுறை வாசிக்க இயல வேண்டும். இயலாவிடின் சொற்களைக் குறைக்கவும்.

சிறு குறைகள் சிலவற்றையும் வகுப்பறையே கண்டுபிடித்துவிடும். அமெரிக்க முன்னோட்டங்களின் தொடக்கத்தில் வரும் பச்சை நிற அறிவித்தற் பலகையைப் பார்த்துப் பழகிய ஆங்கில மாணவர், அதையே தம் படத்திலும் ஒட்டிவிடுவதுண்டு. இங்கிலாந்துத் திரையரங்கிலே வருவது பிரித்தானியத் திரைப்பட வகைப்படுத்தற் சபையின் அட்டை. நீளத்தைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் இரண்டரை நிமிடம் வரை ஓடிய முன்னோட்டங்களை இரண்டு நிமிடத்துக்குள் அடக்குமாறு அந்நாட்டுத் திரையரங்கு உரிமையாளர் சங்கம் 2014இல் கேட்டுக்கொண்டது. பயின்றவர் ஆக்கியதே அவ்வளவு என்றால், 2 நிமிடம் 40 விநாடி ஓடும் மாணவர் முன்னோட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் இளைக்க இடமுண்டு.

அவ்வாறு இளைக்கச் செய்யும்போதுதான் மெய்யான வேதனை வருகின்றது. தொடக்கத்தில் கடலிலே 9 விநாடி நிற்கும் அந்தக் காட்சியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்காளாக நடித்தவள் மாணவியின் உயிர்த்தோழி. மாசி மாதத்து ஆங்கிலக் கடலிலே பற்கள் கிட்ட மூன்று மணி நேரம் நின்றவள். அந்தக் காட்சி அழகானது. ஆனால் முன்னோட்டம் கடிதத்தோடு தொடங்க வேண்டும் என்று ஆனபின்னர் அதற்கு இடமில்லை. தோழியோ பார்வையாளர் பன்னிருவருள் ஒருத்தி. அந்த இடத்துக்கு நேரே தன் தாளில் ஒன்றும் எழுதாதிருக்கின்றாள். இங்கே விதி எதுவும் உதவாது. 9 விநாடியை அப்படியே வைத்தால் முன்னோட்டம் தளரும். எடுத்தால் தோழியின் முகம் வாடும். சில வேளைகளில் வழி உண்டு: முடிவில், படத்தின் பெயர் தோன்றுமுன், இசை முழுவதும் நின்ற அமைதியில், அதே காட்சியின் இரண்டு விநாடியை வைத்துப் பார்க்கலாம். இறந்தவள் என்று இப்போது தெரிந்துவிட்டபடியால், நீரில் நிற்கும் அவ்வுருவம் தொடக்கத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு வலிமையோடு நிற்கும். எல்லாக் காட்சிக்கும் இப்படி ஒரு கதி வாய்க்காது. வாய்க்காதபோது, வகுப்பிலே திரையிடுமுன் தோழியிடம் தனியே சென்று சொல்லிவிடுதல் முறை. திரையில் தன்னைத் தேடிக்கொண்டிருந்து காணாது போவது கொடுமை.

திருத்திய பிரதியை அதே பன்னிருவருக்குக் காட்டுவதிற் பயன் குறைவு. அவர்களும் இப்போது கதையை அறிந்தவர்கள். அவர்களுடைய அறியாமை செலவாகிவிட்டது. வேறு வகுப்பிலிருந்து ஐந்தாறு பேரை அழைத்து வர வேண்டும். இம்முறை தாள் கொடாமல், பார்த்து முடிந்ததும் “இந்தப் படத்தின் கதை என்ன?” என்று மட்டும் கேட்கலாம். அவர்கள் சொல்லும் கதையில் அக்காள் இறந்திருக்கின்றாளா, நூலகரை ஐயுறுகின்றார்களா என்று கவனித்தாற் போதும். படம் ஓடும்போது மாணவி திரையைப் பார்க்காமல், ஓரத்தில் நின்று அவர்களுடைய முகங்களைப் பார்க்க வேண்டும். நாற்காலியில் அசைபவரையும் கைத்தொலைபேசியை எடுப்பவரையும் எந்தத் தாளும் காட்டித் தராது. வகுப்பறையின் பெரிய ஒலிபெருக்கியில் ஒருமுறையும், கைத்தொலைபேசியின் சிறு ஒலியில் ஒருமுறையும் கேட்டுப் பார்த்தல் வேண்டும். ஒன்றிலே தெளிவாயிருந்த குரல் மற்றதிலே மூழ்கிவிடலாம்.

பழைய பிரதிகளை அழித்துவிடாமல் ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு வைத்துக்கொள்வதும், சகபாடிகளின் தாள்களைக் கட்டி வைப்பதும் நன்று. பார்வையாளரிடமிருந்து கற்றது யாது என்ற பரீட்சை வினாவுக்கு விடை அங்கேதான் இருக்கின்றது. அவ்விடையிலே மாணவி ஏற்றுக்கொண்ட கருத்துக்களை எழுதுவதோடு, கறுப்பு வெள்ளையாக்கும் யோசனையைப் போன்று ஏற்காமல் விட்டவற்றையும், விட்டதற்கான காரணத்தையும், அவை எந்த விநாடியைப் பற்றியவை என்பதையும் எழுதலாம்.